இரண்டு பேர்க்காசு

மலையகத்து ஹட்டனில், காசு கட்டி டொக்டரைக் காணும் ஒரு தனியார் சனலிங் சென்டரின் கவுண்டரில் ஆறு வருடமாக நம்பர் எழுதுகிறேன். காலையில் அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்கில் இலவசமாகப் பார்க்கும் டொக்டர்மார்தான் பின்னேரம் எங்களிடம் வந்து உட்காருகிறார்கள். கடமை நேரம் முடிந்த பிறகு தனியாகப் பார்க்க அவர்களுக்கு அனுமதி உண்டு. நோயாளிக்கும் யாருடைய கடிதமும் தேவையில்லை. காசைக் கட்டினால் விரும்பிய டொக்டரைக் காணலாம். இதை 'நோயாளியின் விருப்பம்' என்பார்கள்.

2024 தீபாவளிக்குக் கொஞ்சம் முந்தி, ஒரு மழைப் பின்னேரம், தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்த கையோடு ஓர் அம்மா வந்தார். விரல்களில் கறை காயவில்லை. சீனிப் பையில் சுற்றிய கிளினிக் கொப்பியை நீட்டி, "புள்ள, ஒப்பரேஷன் டொக்டருக்கு ஒரு நம்பர் போடு" என்றார்.

கொப்பியைத் திறந்தால் அதே டொக்டரின் கிளினிக். அடுத்த திகதிக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

"அம்மா, அங்கேயும் இவர்தானே பார்க்கிறார்? இங்க 2850 ரூபாய் ஆகுமே."

"தெரியும் புள்ள. கிளினிக்குப் போனா அன்னைக்குப் பேரு இல்ல, ஒரு நாள் சம்பளம் போயிரும். பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் வேற காசு. மருந்து இல்லாட்டி வெளிய வாங்கச் சொல்லித் துண்டு குடுப்பாங்க. அப்படிப் போயும் அவங்க சிங்களத்துல சொல்றது எனக்கு வெளங்குதில்ல. இங்கன்னா நீ கூட வந்து சொல்லுவேல்ல."

ஒரு பேர் அப்போது 1350 ரூபாய். இரண்டு நாள் கொழுந்தெடுத்தாலும் எங்கள் பில்லுக்குக் காணாது. தீபாவளி அட்வான்ஸிலிருந்து எடுத்து வந்திருந்தார். இலவசக் கிளினிக்கில் ஒரு பேர் போகிறது, எங்களிடம் இரண்டு பேர்க்காசும் கொஞ்சமும். அவர் போட்ட கணக்கில் எனக்குப் பிழை தெரியவில்லை.

நம்பர் வந்ததும் உள்ளே கூட நின்றேன். கொப்பியைப் புரட்டிய டொக்டர், கடைசிப் பக்கத்தில் நாலாக மடித்துக் கிடந்த, ஸ்கேன் எடுக்கச் சொல்லும் துண்டை எடுத்தார். ஐந்து மாதத்துக்கு முன் அவரே எழுதியது. "ஏன் எடுக்கவில்லை?" என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன். அந்த அம்மா துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அது மருந்துத் துண்டு என்று நினைத்து வைத்திருந்தாராம். பித்தப்பையில் கல் இருக்கலாம் என்பதையே அன்றுதான் கேள்விப்பட்டார்.

எனக்கு வயிறு எரிந்தது. 1987இல் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியானது. ஆனால் தோட்டத்துச் சனம் நிறைந்து நிற்கும் ஒரு கிளினிக்கில் இரண்டு வசனம் தமிழில் சொல்ல ஆளில்லை. டொக்டரை நான் குறை சொல்லமாட்டேன். ஒரு காலைக்குள் அத்தனை பேரைப் பார்த்து முடிக்கும் மனிதர், மடித்த துண்டை விரித்து விளக்க எங்கே நேரம்? தனியாரில் காட்டுவதும் குற்றமில்லை. ஆனால் தன் வியாதி என்னவென்று தெரிந்துகொள்ளத் தீபாவளிக் காசைக் கொட்ட வேண்டியிருப்பதற்கு 'நோயாளியின் விருப்பம்' என்று பெயர் வைக்க என்னால் முடியாது. சனல் பண்ணிய சிலருக்கு அரசாங்க வார்டில் திகதி முந்திக் கிடைப்பதையும் பார்த்திருக்கிறேன். அந்த முந்திய இடம், காசில்லாமல் காத்திருக்கும் இன்னொருவருடையது. கிளினிக் நாளில் தமிழ் தெரிந்த ஒருவரை நிறுத்தினாலே பாதிப் பேர் எங்கள் கவுண்டருக்கு வரவேண்டியதில்லை. வேலை முடிந்து வருகிறவர்களுக்காகப் பின்னேரக் கிளினிக் ஒன்றும் வேண்டும்.

போகும்போது அந்த அம்மா கேட்டார்: "ஸ்கேன் எடுத்துட்டு கிளினிக்குப் போறப்ப நீ வந்து நிப்பியா புள்ள?"

லீவு போட்டுவிட்டுப் போனேன். டொக்டர் பேசியது நாலு நிமிஷம் இருக்கும், ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். வெளியே வந்ததும் வாங்கில் இருந்த மூன்று பேர் தங்கள் கொப்பிகளோடு எழுந்து வந்தார்கள். மத்தியானம் வரை அங்கேயே நின்றேன்.