நீலக் கோயிலில் ஒரு வியாழக்கிழமை

கண் ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தால் திருகோணமலை மரியாள் பேராலயத்தில் இருந்து ஒரு செபமாலை சொல்வதாக அம்மம்மா நேர்ந்திருந்தார். வவுனியாவிலிருந்து விடியப்புறம் பஸ் ஏறினோம். வந்து இறங்கியபோது நல்ல வெயில். கடைவாசலில் மான் ஒன்று வாழைப்பழத்தோல் மென்றுகொண்டு நின்றது. இந்த ஊரில் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

நீலச் சுவரைக் கண்டதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. 1893இல் திருகோணமலை ஓர் ஆயரின் கீழ் மறைமாவட்டமானது, 2012இல் மட்டக்களப்பு தனியாகப் பிரிந்தது என்றெல்லாம் சொன்னேன்.

“சரி, மாதா எந்தப் பக்கம்?” என்றார் அம்மம்மா.

பூசை முடிந்து கோயில் வெறிச்சோடியிருந்தது. அவர் செபமாலையில் ஒரு மணி எப்போதோ உடைந்து, அந்த இடத்தில் வெள்ளைச் சட்டைப் பொத்தான் ஒன்று கோத்திருக்கிறது. “முதலாம் சந்தோச தேவ இரகசியம்” என்று தொடங்கினார். பத்து மணிக்கு ஒன்றாக இயேசு, மரியாள் வாழ்வின் ஒரு நிகழ்வை நினைப்பதுதான் தேவ இரகசியம்; மறைபொருள் என்றும் சொல்வோம். மறைக்கல்வி படிப்பிக்கிறவனுக்குப் பொறுக்குமா? திருத்தந்தை இரண்டாம் ஜோன் போல் 2002இல் ஒளியின் மறைபொருள்கள் ஐந்தைச் சேர்த்தார், வியாழனுக்கு அதுதான் என்றேன்.

“எனக்குப் பதினைஞ்சுதான் தெரியும். புதுசில என்ன இருக்கு?”

“யோர்தானில் திருமுழுக்கு, கானாவூர்க் கலியாணம்...”

“கானாக் கலியாணமா? இவ்வளவு நாளும் ஏன்டா சொல்லேல்லை?”

உண்மையாகவே கோபம். கனடாவில் இருக்கிற மாமாவின் கடிதத்தை ஒளித்து வைத்தவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

விசுவாசத்துக்கு அன்பு போதும், படிப்பு எதற்கு என்பவர்கள் இப்படியான கிழவிகளைத்தான் உதாரணம் காட்டுவார்கள். எனக்கு அது ஒத்துவராது. எபிரேயத்தில் ஆதாம் ஏவாளை அறிந்தான், அதாவது கூடினான், என்பதற்கும் ஆண்டவரை அறிவதற்கும் ஒரே வினைச்சொல்தான். அம்மம்மாவுக்கு எபிரேயம் தெரியாது, ஆனால் சொந்தக்காரரின் சேதி ஒன்று விடாமல் வேண்டும்.

விட்டதை ஈடுகட்ட, தெரிந்ததையெல்லாம் கொட்டினேன். இயேசு தண்ணீரை இரசமாக்கிய ஆறு கல்தொட்டிகள். கல்லுக்குத் தீட்டு ஒட்டாது என்பது யூத மரபு. ஆறும் நிரம்பினால் ஏறக்குறைய 500 லீற்றரோ அதற்கு மேலோ வரும்.

“அவ்வளவு தண்ணியும் ஆர் அள்ளினது?”

இந்தக் கேள்வியை என் வகுப்பில் ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. நானும்தான். கைபேசியில் யோவான் நற்செய்தி இரண்டாம் அதிகாரத்தைத் திறந்தேன். ஒன்பதாம் வசனம். பந்தி மேற்பார்வையாளர் ருசி பார்க்கிறார், அது எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. தண்ணீர் மொண்ட பணியாளருக்குத் தெரிந்திருந்தது. எத்தனை தரம் வாசித்திருப்பேன்! கண் எப்போதும் இரசத்துக்கே ஓடிவிடும்.

“தெரியாம? தோள் வலிச்சிருக்குமே” என்றபடி அம்மம்மா பொத்தானைத் தாண்டி அடுத்த மணிக்கு விரலை நகர்த்தினார். பத்தும் முடிந்ததும் என் பக்கம் திரும்பினார்.

“மூண்டாவது என்ன?”

இறையாட்சி பற்றிய அந்த மூன்றாவது சட்டென்று வாயில் வரவில்லை. மறுபடியும் கைபேசியை எடுத்தேன்.