தங்கப் பல்லியைத் தொட்ட கை

பூஜை அறையில் அத்தையின் தோளில் பல்லி விழுந்த நாள் முதல் சித்தூரில் எங்கள் வீட்டுக்கு நிம்மதி போயிற்று. பஞ்சாங்கத்தில் போட்டிருந்த பலனை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. தலைக்குக் குளித்துவிட்டு வந்து, "ஞாயிற்றுக்கிழமை காஞ்சிபுரம்" என்று மட்டும் அறிவித்தார்.

கிருஷ்ணதேவராயர் 1509-இல் எழுப்பிய ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரமும், ராஜசிம்ம பல்லவன் கட்டி 1,300 ஆண்டுகளாக நிற்கும் கைலாசநாதர் கோயிலும் அத்தைக்கு வழியில் வந்த வேகத்தடைகள்தாம். வரதராஜப் பெருமாள் கோயிலை நாங்கள் அடைந்தபோது நடை சாத்திவிட்டார்கள். மாலையில் நடை திறப்பதற்குள் அத்தை எடுத்த பட்டுப்புடவையை என் வீட்டுக்காரர் இன்னும் பல்லியின் கணக்கில்தான் எழுதி வைத்திருக்கிறார்.

முழங்கால் வலியால் எங்கள் மொட்டை மாடிக்கே ஏறாத அத்தை, பெருமாள் சந்நிதி இருக்கும் சிறு குன்றான அத்திகிரியின் 24 படிகளையும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு ஏறினார். தண்ணீரில் பல்லி கிடந்ததைக் கவனிக்காத சீடர்களைக் கௌதம முனிவர் பல்லிகளாகச் சபித்த கதையையும் வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். (அந்தச் சட்டம் எங்கள் வீட்டில் இருந்தால் என் மகன் எப்போதோ சுவரேறியிருப்பான்.) தலைக்கு மேலிருந்த தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் அவர் ஆசைதீரத் தடவினார். அவருடைய கைப்பையும் கோயில் இட்லிப் பொட்டலமுமாக நின்ற என்னை, கை உயர்த்துவதற்குள் கூட்டம் வெளியே தள்ளிவிட்டது.

காஞ்சிப் பல்லியைத் தொட்டவரைத் தொட்டாலே தோஷம் நீங்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. திங்கட்கிழமை கோலம் போடும் நேரத்திலேயே எதிர்வீட்டு அம்மா, "கஞ்சி பல்லி முட்டுக்குன்னாரண்ட கதா?" (காஞ்சிப் பல்லியைத் தொட்டீர்களாமே?) என்று தெலுங்கில் கேட்டபடி வந்து நின்றார். அவருக்குப் பின்னால் தெருவே வந்தது. பல்லி விழாதவர்கள்கூட, இனி விழப்போகும் பல்லிக்கு முன்பணமாகத் தொட்டுவிட்டுப் போனார்கள். வந்தவர்களுக்கெல்லாம் காப்பி போட்டவள் நான். இதெல்லாம் மூடநம்பிக்கை என்று அடுப்படியிலிருந்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னவளும் நான்தான்.

நேற்று இரவு பாத்திரங்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது என் தோளில் ஏதோ குளிர்ச்சியாக விழுந்து ஓடியது. விளக்கைக்கூடப் போடாமல் அத்தையின் கட்டிலருகே போய், தூங்கும் அவர் கையை ஒற்றை விரலால் தொட்டேன். கண்ணைத் திறக்காமலே, "எந்தத் தோள்?" என்று கேட்டுவிட்டு, அத்தை மற்றக் கையையும் நீட்டினார்.