மேற்கே பார்க்கும் மருந்தீசர்

ஆபரேஷன் தியேட்டருக்குள் போகும் முன் வளையல், மூக்குத்தி எல்லாவற்றையும் நர்ஸ் கழற்றச் சொன்னார். தாலிச் சரடை மட்டும் அம்மா கடைசியாகக் கழற்றி, கண்ணில் ஒற்றி, என் உள்ளங்கையில் வைத்து மூடினாள். "மருந்தீசர் பார்த்துப்பாருடி. நீ அப்பாவைச் சாப்பிட வை" என்றாள்.

இடது மார்பையும் அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுக்கும் அறுவை. அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட் வராந்தாவில் நானும் அப்பாவும் மூன்று மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தோம். உடன்பிறந்தவளைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி எழுப்பிய இடம் அது. 1954-ல் 12 படுக்கைகளோடு தொடங்கியது. அன்றைக்கு எங்களைச் சுற்றி எந்தெந்த ஊர்க்காரர்களோ, மடியில் ஆளுக்கொரு ஃபைலோடு. கோயிலுக்குப் போகும் முன்பே அந்த அம்மாளை மனசுக்குள் விழுந்து கும்பிட்டேன்.

அம்மா கண் விழித்துத் தண்ணீர் கேட்ட பிறகு எல்.பி. ரோட்டில் ஆட்டோ பிடித்துத் திருவான்மியூர் மருந்தீசர் கோயிலுக்குப் போனேன். அகத்தியருக்கு மூலிகைகளின் குணத்தை ஈசன் உபதேசித்த தலம். சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம். காமதேனு பால் சொரிந்து பூஜித்ததால் பால்வண்ணநாதர் என்றும் பெயர். அந்தப் பசுவின் குளம்பு பட்ட தழும்பு சுவாமியின் திருமேனியில் இன்னும் இருக்கிறது என்பார்கள். எத்தனையோ முறை கேட்ட கதைதான். ஆனால் அன்று சந்நிதியில் 'தழும்பு' என்ற சொல் நினைவுக்கு வந்ததும் அழுகையை அடக்க முடியவில்லை. வேண்டுதல் தானாக வாயில் வந்தது: "மருந்தீசா, அம்மா உன் முன்னால் நின்று ரெண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிடணும்."

வேறு எதையும் கேட்கத் தோன்றவில்லை. இடது கையைத் தூக்குவது இனிச் சிரமம், தினமும் பயிற்சி செய்தால்தான் வரும் என்று வார்டில் சொல்லியிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்தபோது அம்மாவின் உடம்பில் இரண்டு ரப்பர் குழாய்கள். நீர் வடிந்து சேரும் பாட்டில்களை ஒரு மஞ்சள் பையில் போட்டுத் தோளில் மாட்டிவிட்டேன். காலையிலும் மாலையிலும் எத்தனை மில்லி என்று நோட்டில் எழுதியது அப்பா. இடது கையில் ஊசி கூடாது, ரத்தம் எடுக்கக் கூடாது, பிரஷர் பார்க்கக் கூடாது. அதைப் பெரிய எழுத்தில் எழுதி ஃபைலின் மேல் ஒட்டினேன்.

பிறகு கீமோ. வெள்ளணுக்கள் குறையும், கூட்டத்துக்குள் போகக் கூடாது என்றார் டாக்டர். முடி கொட்டியபோதுகூட அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கோயிலுக்குப் போகக் கூடாது என்றதும் உடைந்துபோனாள். நான் கொண்டுவந்த திருநீற்றை நெற்றியில் இட்டுக்கொண்டு, "போய்ப் பார்க்காத சாமிகிட்ட எப்படிக் கேக்கறது?" என்றாள்.

அப்பாதான் சிவபக்தரான அப்பைய தீட்சிதர் கதையை எடுத்தார். தீட்சிதர் தரிசனத்துக்கு வந்தபோது சுற்றிலும் மழை வெள்ளம். கோயிலை நெருங்க முடியாமல் பின்புறத்தை மட்டுமே பார்க்க முடிந்து கலங்கினாராம். சுவாமி அவருக்காக மேற்கே திரும்பினார் என்பது தலபுராணம். இன்றும் மூலவர் மேற்கு பார்த்துத்தான் இருக்கிறார்.

"தீட்சிதர் எங்கேருந்து வந்தாராம் தெரியுமா? நம்ம வேளச்சேரியிலிருந்து" என்றார் அப்பா. "வர முடியாதவருக்காகத் திரும்பினவர். இப்பவும் நம்ம பக்கம்தான் பார்த்துட்டிருக்கார்."

மறுநாளே அம்மா நாற்காலியைக் கிழக்கு ஜன்னலுக்கு எதிரில் போடச் சொன்னாள். கீமோ நடந்த அத்தனை மாதமும் அதுதான் சந்நிதி. பயிற்சியும் அங்கேயே. சுவரில் விரல்களை ஒவ்வொன்றாக மேலே ஏற்ற வேண்டும். எட்டிய இடத்தில் அப்பா பென்சிலால் கோடு போடுவார். இன்னொரு பயிற்சியைச் சொல்லித்தந்த பிசியோதெரபிப் பெண், "சாமி கும்பிடற மாதிரி ரெண்டு கையையும் சேர்த்துக்குங்கம்மா. நல்ல கை மத்த கையைத் தூக்கிட்டுப் போகட்டும்" என்றார். நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். என் வேண்டுதலை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

ரேடியேஷனில் தோள் மறுபடி இறுகியது. பென்சில் கோடுகள் கீழே இறங்கின. அம்மா விடவில்லை.

எல்லாம் முடிந்து, டாக்டர் சரி என்ற பிறகு, பிரதோஷக் கூட்டம் இல்லாத ஒரு வேலை நாளாகப் பார்த்துப் போனோம். (உடம்பு முடியாதவர்களை அழைத்துப் போகிறவர்களும் அப்படியே போங்கள், நின்று நிதானமாகப் பார்க்கலாம்.) வன்னி மரத்தடியில் அம்மாவைச் சற்று உட்கார வைத்து, மெல்ல சந்நிதிக்கு நடத்தினேன்.

குருக்கள் தீபாராதனை காட்டினார். பால் வெள்ளையாய் சுவாமி. அம்மா மார்புக்கு நேரே கைகளைக் கூப்பினாள். வலது கை இடது கையைத் தாங்கிக்கொண்டு ஏறியது. கழுத்து, முகம், நெற்றி. அங்கே நின்றுவிட்டது.

"போதும்மா" என்றேன்.

"இரு" என்றாள்.

அப்பா பின்னால் வந்து அவள் இடது முழங்கைக்குக் கீழே தன் கையை வைத்துக்கொண்டார், தொடாமல். தீபத்திலிருந்து கண்ணை எடுக்காமல் அம்மா இன்னும் கொஞ்சம் தூக்கினாள். விரல் நுனிகள் புதிதாய் முளைத்திருந்த முடிக்கு மேலே போய் நடுங்கின.