சேதுபதிக்குச் சிறை, சேர்வைகாரருக்குத் தூக்கு

கிளர்ச்சிக்காரர்களைக் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரே மாதிரி ஒழிக்கவில்லை. ஆளுக்குத் தகுந்த வைத்தியம்.

துணி வியாபாரத்தில் கம்பெனியோடு மோதிய ராமநாதபுரம் முத்துராமலிங்க சேதுபதியை 1795-ல் பிடித்துத் திருச்சியில் அடைத்தார்கள், பிறகு சென்னையில். அரசரைத் தூக்கிலிட்டால் சீமையே கொதிக்கும். உள்ளே வைத்தால் வரி வசூல் தடையில்லாமல் நடக்கும். 1803-ல் சீமையை ஜமீனாக்கித் தமக்கை மங்களேஸ்வரி நாச்சியாரிடம் கொடுத்தார்கள். குடும்பத்துக்குள்ளேயே மாற்று ஆள் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது! சேதுபதி 1809-ல் சிறையிலேயே இறந்தார்.

அவருக்காக எழுந்த மயிலப்பன் சேர்வைகாரர் விஷயத்தில் கம்பெனிக்கு அந்தத் தயக்கமெல்லாம் கிடையாது: 1802-ல் தூக்கு. முந்தைய ஆண்டு திருப்பத்தூரில் மருது சகோதரர்களுக்கும் அதே கயிறுதான். மிஞ்சியவர்களில் எழுபதுக்கும் மேற்பட்டோரை, சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி உட்பட, தூத்துக்குடியில் கப்பலேற்றிப் பினாங்குக்கு அனுப்பினார்கள்.