குல்னார்: மாதுளம்பூவின் பெயர்

கனடாவுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், ஒரு மருத்துவமனையின் காத்திருப்பு அறையில், என் அப்பாவின் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். தமிழ்நாட்டில் நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்பதால் கடவுச்சீட்டின் அந்தக் கட்டத்தில் அப்பாவின் பெயரை எழுதியிருந்தோம். அவர் காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்நிய உச்சரிப்பில் அவர் பெயர் கேட்டபோது யாரையோ அழைக்கிறார்கள் என்று உட்கார்ந்தே இருந்தேன். மூன்றாம் முறை கூப்பிட்டபோதுதான் எழுந்து போனேன். பெயரைப் பற்றி அவ்வளவு யோசித்த காலம் என் வாழ்வில் வேறு இல்லை. எதிர் வீட்டில் பிறக்கவிருந்த ஒரு குழந்தையின் பெயர் என் மனத்தில் பதிந்ததற்கும் அதுவே காரணம்.

டொராண்டோவில் தமிழர்கள் நிறைந்த ஸ்கார்பரோவில் எங்களுக்கு வீடு அமையவில்லை. நார்த் யார்க்கில், ஃபின்ச் சுரங்க ரயில் நிலையத்துக்கு வடக்கே, யங் தெருவை ஒட்டிய ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் குடியேறினோம். அந்தத் தெருவில் கடைப் பலகைகள் பாரசீக எழுத்தில் இருக்கும். ஈரானியர்கள் அவ்வளவு பேர் வாழ்வதால் ஊரையே 'தெஹ்ரான்டோ' என்று அவர்கள் செல்லமாகச் சொல்வார்கள். எதிர் வீட்டில் மகனோடும் மருமகளோடும் எழுபது வயது கடந்த ஓர் அம்மா இருந்தார். அவரை நாங்கள் 'கானும்' என்று அழைத்தோம். நம் 'அம்மா', 'மேடம்' போன்ற மரியாதைச் சொல் அது. என்னை அவர் 'தொக்தரம்' என்பார். 'என் மகளே' என்று பொருள்.

டிசம்பர் மாதத்தில் ஆண்டின் மிக நீண்ட இரவை ஈரானியர்கள் 'யல்தா' என்று கொண்டாடுகிறார்கள். அன்றிரவு கானும் எங்களை அழைத்திருந்தார். மேசையில் தர்பூசணி, உலர்பழங்கள், ஹாபிஸின் கவிதை நூல், குவியலாக மாதுளை. ஒரு பழத்தைக் குறுக்கே பிளந்து, வெட்டிய பக்கம் உள்ளங்கையில் படும்படி கிண்ணத்தின் மேல் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, மரக்கரண்டியால் தோலின் மேல் தட்டினார். விரல்களின் இடைவெளி வழியே முத்துகள் பொலபொலவென்று உதிர்ந்தன. வெள்ளைச் சவ்வு ஒன்றுகூட உடன் விழவில்லை. நான் நகத்தால் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தே பழகியவள். தட்டிக்கொண்டே அவர் சொன்னார்: "பேத்தி பிறந்தால் குல்னார் என்று பெயர் வைக்கப் போகிறோம்."

பாரசீகத்தில் 'குல்' என்றால் பூ என்பது எனக்குத் தெரியும். நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் குல்கந்தில் இருப்பது அந்தக் குல்தான். கூடவே வரும் கந்து, நம் கற்கண்டில் உள்ள கண்டோடு உறவுடைய சொல். ஆகவே குல்னார் என்று கேட்டதும், பூத்தொடுக்கும் வாழைநார் நினைவுக்கு வந்து, "பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும்" என்ற பழமொழியை அவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்து, கையிலிருந்த பழத்தையே தூக்கிக் காட்டினார். 'நார்' என்பது மாதுளையைக் குறிக்கும் 'அனார்' என்ற சொல்லின் குறுக்கம். குல்னார் என்றால் மாதுளம்பூ. அரபு மொழியில் 'நார்' என்றால் நெருப்பு. மாதுளம்பூவின் நிறத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பொருளும் தவறாகப் படாது. பளிச்சென்ற அந்தச் சிவப்பையே பாரசீகத்தில் 'குல்னாரி' என்கிறார்கள். காய்ந்த மாதுளம்பூவை யூனானி மருத்துவர்களும் குல்னார் என்றே அழைக்கிறார்கள். பிற்பாடு யங் தெருவின் மளிகைக் கடை ஒன்றில் அதைக் கண்ணாடிச் சாடியில் கண்டேன். வதங்கிச் சுருங்கியிருந்தாலும், மெழுகு போன்ற அந்தத் தடித்த புல்லி மட்டும் கிரீடமாக நிமிர்ந்தே இருந்தது.

பெயரின் பழைய கதையை அன்றிரவே கானும் சொன்னார். பாரசீகக் கவிஞர் பிர்தவ்ஸி 1010 வாக்கில் முடித்த 'ஷாநாமா' காவியத்தில் அர்தவான் என்னும் அரசனின் அரண்மனையில் குல்னார் அடிமைப் பெண். அவனுடைய கருவூலம் அவள் பொறுப்பில் இருந்தது. அங்கே பணியாளாக இருந்த அர்தஷீர் என்ற இளைஞனை மாடத்திலிருந்து பார்த்துக் காதல் கொண்ட அவள், கொத்தளத்தில் கயிற்றைக் கட்டி, அதில் முடிச்சுகள் போட்டு, இரவில் இறங்கி அவனிடம் போகிறாள். எசமானனை விட்டுத் தப்பிச் செல்லும் ஒருவன் அரசனாவான் என்று சோதிடர்கள் சொன்னதை ஒற்றறிந்து வந்து அவனிடம் சொல்பவளும் அவள்தான். இருவரும் குதிரையேறிப் பார்ஸ் நாட்டுக்கு ஓடுகிறார்கள். வரலாற்றில் இந்த அர்தஷீர் 224 இல் அர்தவானை வென்று, நானூறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்த சசானியப் பேரரசை நிறுவினான். அந்தக் கயிற்று முடிச்சுகளை விவரிக்கும்போது கானும் மேசைத் துணியின் ஓரத்தை விரல்களால் முடிந்து காட்டியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஆனால் அவர் குடும்பத்துக்கு இந்தப் பெயர் காவியத்திலிருந்து வரவில்லை, திரைப்படத்திலிருந்து வந்தது. பாரசீக மொழியின் முதல் பேசும் படமான 'தொக்தரே லோர்' 1933 இல் தெஹ்ரானில் திரையிடப்பட்டது. அதைத் தயாரித்தது பம்பாயில் அர்தேஷிர் இரானி நடத்திய இம்பீரியல் நிறுவனம். 1931 இல் இந்தியாவின் முதல் பேசும் படமான 'ஆலம் ஆரா'வையும், அதே ஆண்டில் தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' படத்தையும் தந்தவர் அவர்தான் என்று நான் சொன்னபோது, கானும் மகனைக் கூப்பிட்டு மறுபடியும் சொல்ல வைத்தார். அந்தப் படத்தின் நாயகி குல்னார்: சிறுவயதில் கொள்ளையரால் கடத்தப்பட்டுத் தேநீர் விடுதியில் ஆடுபவள், ஜாபர் என்ற அரசு அலுவலனோடு இந்தியாவுக்குத் தப்பிப் போகிறாள். அவளாக நடித்த ரூஹங்கீஸ் சாமிநெஜாத் தன் ஊர்ப் பெண்கள் செய்யத் துணியாததைச் செய்ததற்காக வசைகளைச் சுமந்து, திரையுலகை விட்டே ஒதுங்கி வாழ்ந்தார். சிறுமியாக அந்தப் படத்தைப் பார்த்த கானுமின் தாய், தனக்குப் பிறக்கும் பெண்ணுக்குக் குல்னார் என்று பெயரிட ஆசைப்பட்டாராம். ஆட்டக்காரியின் பெயர் வேண்டாம் என்று கணவர் மறுத்து, ஒரு சமயப் பெயரைப் பதிவு செய்துவிட்டார். "அது என் பெயராக இருந்திருக்க வேண்டியது, தொக்தரம்" என்றார் கானும்.

ஆங்கிலக் கவிஞர் பைரன் 1814 இல் எழுதிய நெடுங்கவிதை ஒன்றிலும் சிறைப்பட்ட கடற்கொள்ளையனை விடுவித்து உடன் ஓடும் அந்தப்புரத்து அடிமைப் பெண் ஒருத்தி உண்டு, அவள் பெயரும் குல்னார். மூன்று இடங்களிலும் அடைபட்டிருப்பவளே வழியைத் திறக்கிறாள்.

ஈரானில் இது அருகிய பெயர். பெண்களில் நெடுங்காலமாக ஃபாத்திமாக்களும் ஸஹ்ராக்களும்தாம் அதிகம். 'குல்' என்று தொடங்குவனவற்றிலும் குல்நாஸ் காதில் விழும் அளவுக்குக் குல்னார் விழுவதில்லை. அங்கே குல்னார் என்றொரு சோப்பு நெடுநாளாக விற்கப்படுவதால் பள்ளியில் கேலி செய்வார்கள் என்று மருமகளும் முதலில் தயங்கியிருக்கிறார். எல்லை தாண்டினால் நிலைமை வேறு. கசாக்கியர், உஸ்பெக்கியர், தாத்தாரியர், அசர்பைஜானியர் நடுவே, பெரும்பாலும் ரஷ்ய முறையில் ஈறு நீண்டு, 'குல்னாரா' என்று அது சர்வ சாதாரணமாக வழங்குகிறது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 3,000 மீட்டர் தடை ஓட்டம் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டபோது, அதை ஒன்பது நிமிடத்துக்குள் ஓடித் தங்கம் வென்ற ரஷ்ய வீராங்கனை குல்னாரா கல்கினா. பிறந்த வீட்டில் ஒடுங்கியும் போன இடமெல்லாம் தழைத்தும் நிற்கும் பெயர்களை நான் மிகுந்த பரிவோடு பார்க்கிறேன்.

பிப்ரவரியில் குழந்தை பிறந்தது. பிறப்பைப் பதிவு செய்ய அவர்கள் கணினி முன் உட்கார்ந்தபோது நானும் இருந்தேன். ஒன்ராறியோவில் முப்பது நாளுக்குள் பதிய வேண்டும். ரோமன் எழுத்தில் 'ஓ' போடுவதா, 'யூ' போடுவதா என்பதில் அரைமணி நேரம் கழிந்தது. இன்றைய ஈரானில் 'கொல்' போலக் குறுகிய ஓசையோடு ஒலிப்பார்கள். இந்தியாவிலும் மத்திய ஆசியாவிலும் பழைய 'குல்' அப்படியே தங்கிவிட்டது. மகன் தெஹ்ரான் ஓசையையே பதிந்தார். ஈரானியச் சான்று இன்னும் சுற்றுவழி: 2012 இல் கனடா உறவை முறித்து ஓட்டாவாவிலிருந்த தூதரகத்தை மூடியதிலிருந்து, வாஷிங்டனில் பாகிஸ்தான் தூதரகத்தோடு இணைந்து இயங்கும் பிரிவுக்குத்தான் தாள்களை அனுப்ப வேண்டும். தாய்ப்பெயர், தந்தைப்பெயர் எல்லாம் தனித்தனிக் கட்டத்தில் இருந்தன. ஈரானியப் பெண்கள் திருமணத்துக்குப் பின்னும் பிறந்த வீட்டுப் பெயரையே வைத்துக்கொள்கிறார்கள் என்பதை அந்தத் தாளில்தான் முதலில் கண்டேன்.

நாற்பதாம் நாள் கானும் ஒரு வெள்ளை அட்டையைக் கொண்டுவந்து, பாரசீக எழுத்துக்குக் கீழே உன் மொழியிலும் எழுதித் தா என்றார். அவர்கள் ஒலிப்பது போலவே எழுதினால் 'கொல்' என்று வந்துவிடும். அந்தச் சொல்லுக்குத் தமிழில் என்ன பொருள் என்பதை அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்கள் பக்கத்தில் பழைய உச்சரிப்புதான் வழக்கம் என்று மட்டும் சொன்னேன். அதுவும் உண்மைதான்: வாணியம்பாடியில் என்னோடு படித்த, உருது பேசும் தோழியின் அக்காவை அவர்கள் வீட்டில் அப்படித்தான் கூப்பிட்டார்கள். சிவப்பு மையில், தடித்த எழுத்தில், 'குல்னார்' என்று எழுதினேன். கானும் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, 'ர்' மேல் இருந்த புள்ளியைத் தொட்டு, "இது எதற்கு?" என்று கேட்டார்.