பதில் தெரிந்தவருக்கும் கணக்குக்கும் நடுவே எத்தனை பேர்?

தொழில்நுட்ப நிறுவனங்களின் சமூக ஊடகக் கணக்குகள் பெரும்பாலும் சந்தைப்படுத்தல் பிரிவின் கையில் இருக்கின்றன. அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் அந்தக் கணக்கைத் தேடி வருகிறவர்களில் விளம்பரம் படிக்க வருகிறவர் மிகக் குறைவு. உள்நுழைய முடியவில்லை, கோளாறு என் பக்கத்திலா உங்கள் பக்கத்திலா என்று கேட்க ஒருவர் வருகிறார்; முன்பு அறிவித்த வசதி எப்போது கிடைக்கும் என்று கேட்க இன்னொருவர் வருகிறார்; வாங்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் மூன்றாமவர், முதல் இருவருக்கும் என்ன பதில் கிடைத்தது என்பதை வாய் திறக்காமல் பார்த்துவிட்டுப் போகிறார். மென்பொருள் நிறுவனங்களில் வாடிக்கையாளர் ஆதரவுப் பணியில் பல ஆண்டுகளாக இருப்பவன் என்ற முறையில் எனக்கு உறுதியாகப் பட்டிருப்பது ஒன்றுதான்: பதில் தெரிந்த பொறியாளருக்கும் அந்தக் கணக்குக்கும் நடுவே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அந்தக் கணக்கின் பயன் அமைகிறது.

இந்த விஷயத்தில் டெல் நிறுவனத்தின் கதை பழையது என்றாலும் இன்றும் படிக்கத்தக்கது. 2005-இல் ஜெஃப் ஜார்விஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர், வீட்டுக்கே வந்து பழுது பார்க்கும் சேவைக்கும் சேர்த்துப் பணம் கட்டி வாங்கிய டெல் மடிக்கணினி சரிவர இயங்காததையும், சேவை கேட்டு அலைந்ததையும் தம் வலைப்பதிவில் எழுதத் தொடங்கினார். அதே அனுபவம் கொண்ட மற்றவர்களும் அங்கே வந்து சேர்ந்துகொண்டார்கள். நிறுவனம் 2006 ஜூலையில்தான் சொந்தமாக ஒரு வலைப்பதிவைத் தொடங்கியது. அப்போது ஜப்பானில் ஒரு கூட்டத்தில் டெல் மடிக்கணினி தீப்பற்றி எரிந்த படம் இணையமெங்கும் சுற்றிக்கொண்டிருந்தது. தொடங்கிய சில நாட்களிலேயே அந்த வலைப்பதிவு அதைப் பற்றித் தானே எழுதி, விசாரித்துக்கொண்டிருக்கிறோம் என்று சொன்னது. அடுத்த மாதம், சோனி தயாரித்த ஏறத்தாழ 41 லட்சம் பேட்டரிகளை டெல் திரும்பப் பெற்றது. 2007 பிப்ரவரியில், வாடிக்கையாளர்கள் யோசனை சொல்லி வாக்களிக்கும் ‘ஐடியாஸ்டார்ம்’ தளம் வந்தது. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளம் நிறுவிய கணினிகள் வேண்டும் என்ற கோரிக்கை அதில் மேலே ஏறியது. அதே ஆண்டு மே மாதத்தில் லினக்ஸின் ஒரு வகையான உபுண்டு நிறுவிய கணினிகளை டெல் விற்கத் தொடங்கிவிட்டது. இந்த வேகம்தான் என் கவனத்தை ஈர்க்கிறது. யோசனை கேட்கும் பக்கத்தை யாரும் ஒரே நாளில் திறந்துவிடலாம். அங்கே விழுந்த கோரிக்கை தயாரிப்புப் பிரிவின் மேசைக்குப் போய், முடிவாகி, மூன்றே மாதத்தில் விற்பனைக்கு வந்ததென்றால், இடையில் நின்று தடுத்தவர்கள் அதிகம் இருந்திருக்க முடியாது.

கணக்கின் உண்மையான பலம் சேவை முடங்கும் நாளில் தெரிந்துவிடும். 2017 ஜனவரி 31 அன்று, நிரலாளர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில், தரவுத்தளச் சிக்கல் ஒன்றைச் சரிசெய்ய முயன்ற பொறியாளர் ஒருவர், துணைச் சர்வரில் நீக்க வேண்டிய தரவுக் கோப்புறையை முதன்மைச் சர்வரில் நீக்கிவிட்டார். நிறுத்துவதற்குள் ஏறத்தாழ 300 ஜிபி தரவில் 4.5 ஜிபி அளவே மிஞ்சியது. காப்பு நகல் எடுக்க வைத்திருந்த வழிகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கைகொடுக்கவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்துவைத்திருந்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. இந்த அளவு நெருக்கடியில் பெரும்பாலான நிறுவனங்கள் ‘தொழில்நுட்பக் காரணங்களால்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு மௌனமாகிவிடும். கிட்லேப்போ, தரவைத் தவறுதலாக அழித்துவிட்டோம் என்று ட்விட்டரில் நேராகச் சொன்னது. பொறியாளர்கள் தங்களுக்குள் குறிப்பெழுதிக்கொண்டிருந்த கூகுள் ஆவணத்தையே பொதுவில் திறந்துவிட்டது. மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகவும் காட்டியது. பின்னர் வெளியிட்ட விரிவான அறிக்கையில் அந்தப் பொறியாளரின் பெயரைப் போடாமல் ‘குழு உறுப்பினர் 1’ என்றே குறிப்பிட்டது. என்னைக் கேட்டால், நேரலையைவிட இந்தக் கடைசிச் செயல்தான் பின்பற்ற வேண்டியது. பழியைத் தனிமனிதர் தலையில் போடும் இடத்தில், அடுத்த முறை உண்மையைச் சொல்ல எந்தப் பொறியாளரும் முன்வர மாட்டார்.

ஒவ்வொரு முடக்கத்தையும் நேரலையாகக் காட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முடக்க நாளில் பேசுவதற்கு, நம் சொந்தச் சர்வரைச் சாராத ஓர் இடம் இருக்க வேண்டும். அதற்குச் சமூக ஊடகம் மிகவும் பொருந்தும். 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவை, தவறாகத் தட்டிய ஒரு கட்டளையால் முடங்கியபோது, சேவை நிலையை அறிவிக்கும் பக்கத்தைப் புதுப்பிக்கும் கருவியும் அதே எஸ்3-ஐ நம்பியே இருந்ததால், அதையும் மாற்ற முடியாமல் போனது. அப்போது ட்விட்டர் கணக்கின் வழியாகத்தான் நிறுவனம் நிலவரம் சொன்னது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் வாட்ஸ்அப்பும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் காணாமல் போனபோது, ஃபேஸ்புக் நிறுவனமே ட்விட்டருக்கு வந்துதான் வருத்தம் தெரிவிக்க வேண்டியிருந்தது.

சொல்லும் சொற்களும் முக்கியம். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான புதுப்பிப்பால், மைக்ரோசாஃப்டின் கணிப்புப்படி ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. அதன் தலைமை நிர்வாகி எக்ஸ் தளத்தில் (முன்பு ட்விட்டர்) இட்ட முதல் பதிவு, இது இணையத் தாக்குதல் இல்லை என்றும், சிக்கலைக் கண்டறிந்து தீர்வை வெளியிட்டுவிட்டோம் என்றும் சொன்னது. அதில் பொய் ஏதுமில்லை. ஆனால் நீலத்திரையில் நின்றுபோன கணினியின் முன் உட்கார்ந்திருந்த தகவல் தொழில்நுட்பப் பணியாளருக்கு, ‘தீர்வு வெளியாகிவிட்டது’ என்பது எதையும் சொல்லவில்லை. ஒவ்வொரு கணினியையும் பாதுகாப்புப் பயன்முறையில் திறந்து, குறிப்பிட்ட ஒரு கோப்பைக் கையால் நீக்க வேண்டிய நிலையில் அவர் இருந்தார். மன்னிப்பு அந்தப் பதிவில் இல்லை என்று பலரும் குறைகூறினார்கள். பிறகு தொலைக்காட்சியில் தலைமை நிர்வாகி மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். ஆதரவுப் பணியில் இருப்பவனாக எனக்கு, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்ற வரி அதில் இல்லாததுதான் பெரிய குறையாகப் படுகிறது.

சாதாரண நாட்களிலும் இதே அளவுகோல் பொருந்தும். புதிய பதிப்பு வெளியாகும்போது வழக்கமாக எழுதப்படுவது இது: “பயனர் அனுபவத்தை மேம்படுத்தும் பல மாற்றங்களுடன் எங்கள் புதிய பதிப்பு வந்துவிட்டது!” கூடவே ஒரு ராக்கெட் படமும் இருக்கும். (ராக்கெட் இல்லாத வெளியீட்டு அறிவிப்பைக் கண்டால் எனக்கு மரியாதையே வந்துவிடுகிறது.) அதே பதிப்பைப் பற்றி இப்படியும் எழுதலாம்: “பெரிய சிஎஸ்வி கோப்பை இறக்குமதி செய்யும்போது பாதியில் நின்றுபோகும் வழு இந்தப் பதிப்பில் சரிசெய்யப்பட்டுள்ளது. நின்றுபோன கோப்பை மறுபடி ஏற்றினால் போதும். ஏற்கெனவே ஏறிய வரிசைகள் இரட்டிக்காது.” அந்தக் கடைசிச் சொற்றொடரைச் சந்தைப்படுத்தல் பிரிவில் இருப்பவரால் கற்பனையாக எழுதிவிட முடியாது. வழுவைச் சரிசெய்த பொறியாளரிடம் ஒரு கேள்வி கேட்டால்தான் அது கிடைக்கும். ஆனால் வாடிக்கையாளர் அஞ்சிக்கொண்டிருந்தது அந்த ஒன்றுக்காகத்தான். அதைப் படித்தவர் ஆதரவுப் பிரிவுக்கு எழுத வேண்டிய தேவையே இருக்காது.

பதில் சொல்லும் முறையிலும் சில வழக்கங்களை மாற்றலாம். புகார் வந்தவுடன் “தனிச்செய்தி அனுப்புங்கள்” என்று சொல்லிவிட்டு அந்த உரையாடல் இழையை அப்படியே விட்டுவிடுகிறார்கள். கணக்கு எண் போன்ற விவரங்களைத் தனியே கேட்பதுதான் சரி. பொதுவில் மின்னஞ்சல் முகவரி கேட்டால், நிறுவனத்தின் பெயரில் போலிக் கணக்கு வைத்திருப்பவர்கள் அந்த வாடிக்கையாளரைப் பிடித்துவிடுவார்கள். ஆனால் சிக்கல் தீர்ந்தபின் பொது இழைக்குத் திரும்பி வந்து, என்ன கோளாறு, எப்படித் தீர்ந்தது என்று இரண்டு வரி எழுதிவிட்டால், பிற்பாடு அதே சிக்கலுக்காகத் தேடி வருகிறவருக்கு அதுவே விடையாகிவிடும். பின்தொடர்வோர் எண்ணிக்கையை நான் அதிகம் பொருட்படுத்துவதில்லை. ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறதா, வந்தால் உதவிப் பக்கத்தில் எந்தப் பத்தி புரியவில்லை என்பதைப் பார்ப்பது அதைவிடப் பயன் தரும்.

எந்தத் தளம் என்ற கேள்விக்கு நீண்ட விடை தேவையில்லை. நிரலாளர்களுக்கான கருவி என்றால் கிட்ஹப் விவாதப் பகுதியும் ரெடிட்டும், நிறுவனங்களுக்கு விற்பது என்றால் லிங்க்ட்இன், செய்முறை விளக்கங்களுக்கு யூடியூப். எல்லா இடத்திலும் இருப்பதைவிட, இருக்கும் இடத்தில் பதில் சொல்வது மேல். எதை எழுதினாலும் அதன் மூலப்படி சொந்தத் தளத்தில் இருக்க வேண்டும். பொதுப் பயனர்களுக்கான கூகுள் பிளஸ் 2019 ஏப்ரல் 2 அன்று மூடப்பட்டபோது, அங்கே மட்டுமே எழுதிவைத்தவற்றுக்கெல்லாம் இடமில்லாமல் போனது.

ஒப்புதல் இல்லாமல் யாரும் எதுவும் எழுதலாமா என்று சட்டப் பிரிவினர் கேட்பார்கள். அதற்குக் காரணமும் உண்டு. டெஸ்லாவைத் தனியார் நிறுவனமாக மாற்றப் போவதாகவும் அதற்கு நிதி உறுதியாகிவிட்டதாகவும் எலான் மஸ்க் 2018 ஆகஸ்ட் 7 அன்று இட்ட ட்வீட், அவருக்கும் நிறுவனத்துக்கும் தலா 2 கோடி டாலர் அபராதத்தில் முடிந்தது. இயக்குநர் குழுத் தலைவர் பதவியையும் அவர் விட வேண்டியதாயிற்று. ஆகவே பங்குச்சந்தையைப் பாதிக்கும் செய்தி, ஒப்பந்தம், தரவுக் கசிவு ஆகியவை மட்டும் சட்டப் பிரிவின் கண்ணில் பட்டே வெளிவரட்டும். சேவை முடங்கியிருக்கிறதா என்ற கேள்விக்கான பதில் அந்த வரிசையில் நிற்க வேண்டியதில்லை. எந்த வகைச் செய்திக்கு யார் ஒப்புதல் என்பதை ஒரு பக்கத்தில் முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டால், நெருக்கடி நாளில் வாக்குவாதம் குறையும்.

கடைசியாக, கணக்கின் பாதுகாப்பு. பலரிடம் சாவி கொடுக்கச் சொல்கிறேன் என்பதால் இதையும் சொல்லியாக வேண்டும். 2024 ஜனவரி 3 அன்று, கூகுளுக்குச் சொந்தமான இணையப் பாதுகாப்பு நிறுவனமான மாண்டியன்ட்டின் எக்ஸ் கணக்கே பறிபோய், அதில் கிரிப்டோ மோசடி இணைப்புகள் வெளியாயின. கடவுச்சொல் ஊகித்து உடைக்கப்பட்டிருக்கலாம் என்றும், குழு மாற்றங்களாலும் எக்ஸ் தளத்தின் விதி மாற்றத்தாலும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு போதுமானதாக இல்லை என்றும் அந்நிறுவனம் பின்னர் விளக்கியது. பகிர்ந்த ஒரே கடவுச்சொல்லுக்குப் பதிலாக ஆளுக்கொரு அனுமதி, குறுஞ்செய்திக்குப் பதிலாகப் பாதுகாப்புச் சாவியோ செயலியோ கொண்ட சரிபார்ப்பு, யாருடைய சொந்தத் தொலைபேசி எண்ணும் மீட்பு எண்ணாக இல்லாதிருத்தல், பணியிலிருந்து விலகுகிறவரின் அனுமதியை அன்றைக்கே நீக்குதல் ஆகியவற்றை, வேறு எந்தச் சர்வருக்கும் செய்வதைப் போலவே தகவல் தொழில்நுட்பப் பிரிவின் பட்டியலில் சேர்த்துவிட வேண்டும்.