அங்கேயும் ஆறெழுத்து மந்திரம்

கடைமடை விவசாயியான அப்பாவுக்குத் தண்ணீர்தான் சாமி. நான் சீனாவின் செங்டு நகரத்தில் வேலைக்குச் சேர்ந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்: "ஆற்றைப் பிரித்துவிட்டவருக்கு அங்கே கோயில் இருக்கிறதாமே, எனக்காக விழுந்து கும்பிட்டுவிட்டு வா." மூன்று வருடம் தள்ளிப்போட்டேன். அவருக்கு இதய அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்த பிறகு, இனியும் கடன் வைக்கக்கூடாது என்று அந்தக் கோயில் இருக்கும் துஜியாங்யனுக்குக் கிளம்பினேன்.

போன நாள்தான் தப்பு. சீனர்கள் முன்னோர்களைக் கும்பிடும் சிங்மிங் விடுமுறை. வழிகாட்டிகளின் கொடிகளுக்குப் பின்னால் ஊரே நடந்தது. பருமனான ஊதுவத்தி ஏற்றினால்தான் பலன் என்று ஒருவர் வழிமறித்தார். நம் ஊர் அர்ச்சனைத் தட்டுக்காரர்களே தேவலை. மதகு திறக்கும் பழைய வழக்கத்தை நடத்திக் காட்டினார்கள். தண்ணீரை மறித்து நின்ற மரமுக்காலிகளின் கயிற்றை வெட்டும் நேரத்தில் எனக்குத் தெரிந்தது முன்னால் நின்றவரின் குடை மட்டுமே. தண்ணீர் பாயும் ஓசை காதில் விழுந்தது. போதும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

எர்வாங் கோயில் படிகளில் மூச்சு வாங்கியது. 2008 நிலநடுக்கத்தில் சேதமடைந்து, திரும்ப எடுத்துக் கட்டிய கோயில். ஆற்றைப் பிரித்துவிட்ட லி பிங்கும் அவர் மகனும் உள்ளே தெய்வங்கள். அப்பாவை வீடியோவில் அழைத்தேன். சாமியைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டவர், அடுத்து கேட்டார்: "தூர் வாருகிறார்களா?"

சுவரில் இருந்ததைக் காட்டினேன். 'ஆழமாகத் தூர் வாரு, கலிங்கைத் தாழ்வாகக் கட்டு.' சீனத்தில் ஆறே எழுத்து. சடாட்சரம்தான், சந்தேகமே இல்லை! எவ்வளவு ஆழம் வாரவேண்டும் என்பதற்கு ஆற்றுப்படுகையில் இரும்புப் பாளங்களைப் புதைத்திருக்கிறார்கள். அவை தென்படும்வரை தோண்டவேண்டும். மலை மணலைக் கொண்டுவந்து கொட்டும், மனிதர்கள் குளிர்காலத்தில் அள்ளுவார்கள். மூங்கில் கூடையில் கூழாங்கல் நிரப்பிக் கட்டிய கரை மட்கினால் மறுபடி கட்டுவார்கள். இன்று கான்கிரீட் வந்துவிட்டது, ஆனாலும் வேலை 2,200 வருடங்களைத் தாண்டி நடக்கிறது. அப்பா வெகுநேரம் பேசவில்லை. எங்கள் வாய்க்கால் அவர் கண்ணுக்குள் வந்திருக்கும்.

ஃபுலோங் கோயிலில்தான் நான் உடைந்துபோனேன். வெடிமருந்து இல்லாத காலத்தில் பாறையைத் தீயில் சுட்டு, நீரூற்றிப் பிளந்து ஆற்றுக்கு வழி வெட்டினார்கள் என்பார்கள். அப்படி வெட்டியதில் தனியே நின்றுபோன குன்றின் மேல் இருக்கிறது இந்தக் கோயில். உள்ளே லி பிங்கின் கற்சிலை. கி.பி. 168இல் செதுக்கியது, 1974இல் ஆற்றுக்குள்ளிருந்து கிடைத்தது. பொன்னும் இல்லை, பட்டும் இல்லை. நீர் தேய்த்த முகம், மார்போடு சேர்த்த கைகள். அவர் காலத்தில் ஆற்றில் நிறுத்திய கல்மனிதர்களிடம் ஓர் ஒப்பந்தம் உண்டாம்: வற்றினாலும் பாதத்துக்குக் கீழே போகாதே, பெருகினாலும் தோளைத் தாண்டாதே. அப்பாவின் நாற்பது வருட வேண்டுதல் அதுவேதானே? கூட்டம் பின்னாலிருந்து தள்ளியது. நான் அசையவில்லை. தாயே, ஐயனே என்று என்னவெல்லாமோ சொல்லி அழுதேன்.

திரும்பும்போது பஸ்ஸிலிருந்து இடையில் இறங்கிவிட்டேன். சமவெளி முழுக்க வயல். நடுவில் தீவுகள்போல மூங்கில் தோப்புகள். ஒவ்வொரு தோப்புக்குள்ளும் சில வீடுகள், ஓரமாக ஒரு வாய்க்கால். கீரை அலசிக்கொண்டிருந்த பாட்டி நகர்ந்து இடம் கொடுத்தார். மடியிலிருந்த திருநீற்றை ஒரு சிட்டிகை அதில் கரைத்தேன். தண்ணீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டேன், அப்பாவுக்கும் சேர்த்து இரண்டாம் முறை. பனிமலைத் தண்ணீர், விரல் மரத்துப்போயிற்று.